மீனுக்கு முன்னால் செடி

தொட்டியில் இருக்கும் மீன் செத்துப் போனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. "வீட்டுக்கு வரவிருந்த கஷ்டத்தை அது வாங்கிக் கொண்டு போய்விட்டது" என்பார்கள். சொல்பவர்களுக்கும் ஆறுதல், கேட்பவர்களுக்கும் ஆறுதல். மீனுக்குத்தான் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரு வட்டமான கண்ணாடிக் கிண்ணமும் நாலு தங்க மீன்களும் வாங்கிக் கொடுத்தாராம். ஐந்தாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் இரண்டு, பத்தாம் நாள் மிச்சமிருந்த ஒன்று. தினமும் தண்ணீர் மாற்றினார்களாம், கிண்ணத்தைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவினார்களாம், தீனியிலும் குறை வைக்கவில்லையாம். "எங்கள் கையில் ராசி இல்லை போலிருக்கிறது. பையன் காலிக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். மறுபடியும் வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

வாங்கலாம். ஆனால் மீனை அல்ல. முதலில் செடியை வாங்குங்கள்.

ராசியில் ஒன்றும் குறைவில்லை, அம்மா. நாம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறோம். படுக்கையை உதறிப் போடுகிறோம். மற்றதற்கு வேறு இடம் போகிறோம். மீனுக்குத் தட்டு, படுக்கை, மற்றது எல்லாமே ஒரே தண்ணீர்தான். சாப்பிட்டது செரித்ததும் அது தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து காணாமல் போகும். ஒரு கிண்ணத்தில் எங்கே போகும்? தின்னாமல் விட்ட தீனி அழுகினால் அதிலிருந்தும் அதே அம்மோனியா. தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். மீனுக்கு அது விஷம். செவுள்கள் வெந்து, மூச்சுத் திணறித்தான் அது போகிறது.

இயற்கையில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாகவும், பிறகு அதையும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் இந்த நுண்ணுயிர்கள் ஒரு புதுத் தொட்டியில் குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மாம்பலத்து மீன்களுக்குக் கிடைத்ததோ பத்தே நாட்கள். அதிலும் தினம் தினம் சோப்புப் போட்டுக் கழுவியதில், வரவிருந்த குடித்தனக்காரர்களும் வெளியே போய்விட்டார்கள்! சோப்பு மீன் தொட்டியின் பக்கமே போகக் கூடாது.

இந்த இடத்தில்தான் செடி வருகிறது. நீர்ச்செடிக்கு அம்மோனியா விஷமல்ல, ஆகாரம். தண்ணீரிலிருந்து நேராக உறிஞ்சி இலையாக்கிக் கொள்ளும். மீன் விடும் கரியமிலவாயுவையும் வாங்கிக் கொண்டு, வெளிச்சம் இருக்கும் வரை பிராணவாயுவைத் திருப்பிக் கொடுக்கும். வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் இலைகளின் மேல் முத்து முத்தாகக் குமிழிகள் நிற்பதைப் பார்க்கலாம். கடையில் மீனோடு சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களே பிளாஸ்டிக் செடி, அது இந்த வேலை எதையும் செய்யாது. தூசு படிந்து நிற்கும், அவ்வளவுதான்.

செடி செய்யும் இந்த வேலையை மனுஷர் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. கட்டுக்கதை அல்ல, நடந்தது. 1846-ஆம் வருஷம் லண்டனில் ஆனா தின் என்று ஒரு சீமாட்டி. கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். அந்த அம்மாள் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனபோது, கல்லில் ஒட்டி வளரும் சின்னப் பவளப் பிராணிகளைக் கண்டு ஆசைப்பட்டு, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்துவிட்டார். லண்டனில் கடல் ஏது? கொண்டு வந்த கடல் நீரையே திரும்பத் திரும்ப உபயோகிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் காற்றுக் கலப்பதற்காக, திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. தினமும் அரை மணி, முக்கால் மணி. ஊற்றியது யார் என்கிறீர்கள்? வீட்டு வேலைக்காரப் பெண். நாம் காப்பி ஆற்றுவது போல அவள் கடலை ஆற்றிக் கொண்டிருந்தாள்!

அடுத்த வருஷம் அந்த அம்மாள் கடற்பாசியையும் வரவழைத்து வெளிச்சத்தில் வைத்தார். ஆற்றுகிற வேலையில் ஒரு பங்கைப் பாசி எடுத்துக் கொண்டது. சரித்திரப் புத்தகங்களில் ஆனா தின்னின் பெயர் இருக்கிறது. கை வலிக்க ஊற்றியவளின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

அது கடல் நீர். நம் வீட்டுக்கு ஆகிற நல்ல தண்ணீரில் இதைச் செய்து காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். அவரும் லண்டன்காரரே. 1849-இல் பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின, பச்சைப் பாசி படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. மனிதர் சோர்ந்து விடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டு வந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்றன. நத்தை முட்டைகளை மீன் தின்றது. மீனின் கழிவைச் செடி தின்றது. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒருவர் எச்சில் இன்னொருவருக்கு விருந்து என்று குடித்தனம் நடந்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுஜனங்களுக்காக மீன் காட்சிசாலை திறந்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது.

வாரிங்டனின் செடியையேதான் நானும் உங்களுக்குச் சிபாரிசு செய்யப் போகிறேன். அதற்கு முன் தொட்டி.

வட்டக் கிண்ணம் வேண்டாம். அதை ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி நம் கூடத்துக்குப் போதும். அது ஐம்பத்தைந்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொள்ளும். தண்ணீர் மட்டுமே ஐம்பத்தைந்து கிலோ. மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஓர் அரிசி மூட்டைக் கனம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஆடுகிற முக்காலியிலும் கண்ணாடி ஷோகேசின் மேலும் வைக்க முடியாது. ஜன்னலோரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் தண்ணீர் இரண்டு வாரத்தில் கீரைச்சாறு மாதிரி பச்சையாகிவிடும். ஆகவே வெயில் படாத, பலமான மேஜை. மேலே எல்.இ.டி. விளக்கு ஒன்று. மின்சார ஒயரை, பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஈரம் வழிந்தாலும் சொட்டிக் கீழே விழும்; பிளக்கிற்குள் போகாது. தொட்டியில் கை விடுமுன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அடியில் போட மண் வேண்டும். "மீன் தொட்டியில் மண்ணா?" என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், சாதாரணத் தோட்ட மண்ணே நீர்ச்செடிகளுக்கு நல்ல உணவு என்பதைக் காரண காரியத்தோடு எழுதினார். அதைப் பின்பற்றி உலகம் முழுவதும் எத்தனையோ வீடுகளில் தொட்டி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மண்ணைச் சலித்து ஓர் அங்குலம் போடுங்கள். சாணம், யூரியா, வேப்பம் புண்ணாக்கு எதுவும் சேராத வெறும் மண்ணாக இருக்க வேண்டும்; ரோஜாத் தொட்டியிலிருந்து அள்ளிப் போட்டு விடாதீர்கள். அதன் மேல் நன்றாகக் கழுவிய பருமணல் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல். பருமணலில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறதா என்று பார்க்க அடுக்களையிலேயே சோதனை இருக்கிறது. ஒரு பிடி எடுத்து எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, அது மெள்ளக் கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றிக் கொண்டே போகும். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலும் அப்படித்தான். குழந்தை ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு போடட்டும், பாதகமில்லை. படுக்கை மாதிரி பரப்ப வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் மண் கிளம்பிச் செம்புழுதி ஆறு மாதிரி ஆகிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பார்கள். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் குளோரின் போக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்க நினைக்காதீர்கள். அதில் உப்புச் சத்து எடுபட்டுப் போயிருக்கும்; செடிக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. சென்னையில் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் கடினமாக, பாத்திரத்தில் வெள்ளை படிவதாக இருக்கிறதே என்று கவலைப்படுவீர்கள். அதற்கேற்ற செடிகள் இருக்கின்றன.

அவற்றில் முதலாவது வாலிஸ்னேரியா. ரிப்பன் மாதிரி நீள நீளமான இலை. வாலிஸ்னேரி என்ற இத்தாலிய வைத்தியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். செடியோ நம் நாட்டு ஆறு குளங்களிலும் இருப்பதுதான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கரியை எடுத்துக் கொள்ளும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி வரிசையாக நடுங்கள். வேரும் இலையும் கூடும் கழுத்து மணலுக்கு வெளியே இருக்க வேண்டும், புதைத்தால் அழுகிவிடும். பிடித்துக் கொண்டால் அறுகம்புல் போல ஓடுதண்டு விட்டு, அங்கங்கே குட்டி போட்டுக் கொண்டே போகும்.

இந்தச் செடி பூப்பதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி, பூவை ஒரு நீண்ட மெல்லிய காம்பில் ஏற்றித் தண்ணீரின் மேல்பரப்பு வரை அனுப்பும். ஆண் பூக்களோ குண்டூசித் தலை அளவுதான். அவை அடியிலேயே செடியை விட்டுக் கழன்று, மேலே வந்து, சின்னஞ் சிறு ஓடங்களாக மிதந்து பெண் பூவைத் தேடிக் கொண்டு போகின்றன. சுயம்வரம் முடிந்ததும் பெண் பூவின் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு, அவளை மறுபடியும் ஆழத்துக்கு இழுத்துக் கொள்ளும். அங்கேதான் காய் முதிர்கிறது. வீட்டுத் தொட்டியில் இது எப்போதாவதுதான் காணக் கிடைக்கும். ஆனால் காணக் கிடைக்கும்.

இரண்டாவது, வேலம்பாசி. ஹைட்ரில்லா என்று சொன்னால் கல்லூரியில் படித்த சகோதரிகளுக்கு ஞாபகம் வரும். புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை வைத்து, பிராணவாயுக் குமிழி எண்ணினோமே, அந்தச் செடி. வேரில்லாத துண்டைப் போட்டாலும் வளரும். புதுத் தொட்டிக்கு இதைப் போல உபகாரி இல்லை. கிடைக்கிற அம்மோனியாவை எல்லாம் விழுங்கி வாரத்தில் சாண் கணக்கில் வளரும். வாரா வாரம் வெட்டி எடுத்துக் கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

மூன்றாவது, கிரிப்டோகோரைன். பல தினுசுகள் இலங்கையின் ஓடைகளுக்கே சொந்தமானவை. பழுப்பும் பச்சையுமாக, அடக்கமாக, நிழலிலும் வளரக்கூடியது. தொட்டியின் முன்பக்கத்துக்கு அழகு. ஜாவா ஃபெர்ன் என்று ஒரு பெரணி இருக்கிறது. அதை மண்ணில் புதைக்கவே கூடாது. ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். அதன் இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள்; ஒரு நாள் முழுவதும் வேறு விளையாட்டு வேண்டாம்.

கொட்டிக் கிழங்கையும் சொல்ல வேண்டும். அபோனோஜெட்டான் என்ற பெயரில் கடைகளில் கிழங்காக விற்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் நம் குளத்துக் கொட்டியும் ஒன்று. ஔவையார் மூதுரையில், குளம் வற்றினாலும் விட்டுப் போகாத உறவுக்கு உதாரணமாகச் சொல்வதில் கொட்டியும் சேர்ந்தது. நிஜமாகவே அப்படித்தான், தண்ணீர் வற்றினால் இலை போகும், கிழங்கு சேற்றுக்குள் காத்திருக்கும். தொட்டியிலும் சில சமயம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்து விடாதீர்கள்.

இந்த "எறிந்து விடாதீர்கள்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஏனென்றால் பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வாங்கி வந்த கிரிப்டோகோரைன் பத்து நாளில் கூழாகக் கரைந்துவிடும். இடம் மாறினால் அதற்கு அப்படி ஒரு கோபம். மற்றச் செடிகளையும் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்த்துத்தான் அனுப்புகிறார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் நிலைக்காது. உதிர்ந்து, தண்ணீருக்கென்றே மெல்லிய புது இலை விட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம். அழுகின இலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள், வேரைத் தொடாதீர்கள். புக்ககம் வந்த புதிதில் இளைத்துப் போகிற பெண்ணை யாராவது திருப்பி அனுப்பி விடுகிறார்களா?

முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். மணலில் பாதியாவது செடியால் மூடியிருக்க வேண்டும். நாலே நாலு குச்சியை நட்டுவிட்டு, "வளர்ந்து நிரம்பட்டும்" என்று இருந்தால் அதற்குள் பாசி வந்து நிரப்பிவிடும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கூடத்தில் அழகாக இருக்கிறதே என்று காலையிலிருந்து ராத்திரி வரை எரிய விட்டால் செடியை விடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். பாசி வந்துவிட்டதா? விளக்கு நேரத்தைக் குறையுங்கள், தீனியைக் குறையுங்கள், வேலம்பாசியைக் கூட்டுங்கள். மருந்து வாங்கி ஊற்றாதீர்கள்.

ஜப்பானில் தகாஷி அமானோ என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் பந்தய வீரர், புகைப்படக்காரர். பிறகு நீர்ச்செடித் தொட்டிகளை மலையும் காடுமாக அமைத்து உலகப் பிரசித்தி பெற்றார். 2015-இல், தாம் காலமான அதே வருஷத்தில், லிஸ்பன் நகரக் காட்சிசாலையில் நாற்பது மீட்டர் நீளத்தில் ஒரு நீருக்கடிக் காட்டை அமைத்துக் கொடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கரியமிலவாயு சிலிண்டர் வாங்க வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலே நான் சொன்ன செடிகளுக்கு வேண்டியதில்லை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்துப் பாட்டிலில் வைத்து வாயு உண்டாக்குகிற வித்தையும் இருக்கிறது. அந்தச் சர்க்கரையில் பாயசம் வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். காத்திருக்க வேண்டும். மூன்று வாரம், முடிந்தால் நாலு வாரம், மீனே இல்லாத தொட்டி. வந்து போகிறவர்கள் எல்லாம், "மீன் எங்கே?" என்பார்கள். மாமியார், "தண்ணீருக்கு வாடகை கொடுத்துப் புல் வளர்க்கிறாளா?" என்பார். காதில் போட்டுக் கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு ஜாக்கிரதை: மீன் இல்லாத தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். டெங்கு பயம் இருக்கும் காலம். தொட்டி வாயை இடைவெளி இல்லாமல் கொசுவலைத் துணியால் மூடி, சுற்றிலும் நாடா போட்டுக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் வலை வழியாகப் போகும்.

செடிகளெல்லாம் புது இலை விட்டு நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். அம்மோனியா அளக்கும் சொட்டுச் சோதனை மருந்தும் கடையில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினால் மீனுக்குப் போகலாம். சென்னைவாசிகளுக்குக் கொளத்தூர் இருக்கிறது. தெரு முழுக்க வண்ண மீன் கடைகள். போனால் கண் அலைபாயும். தங்க மீனை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அது பெரிதாக வளரும் ஜாதி. இரண்டடித் தொட்டி அதற்குப் பற்றாது, செடியையும் பிடுங்கித் தின்னும். கப்பி மீன் வாங்குங்கள். கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், நம் ஊர் வெயிலைத் தாங்கும், கொசுப் புழுவைத் தின்னும், குட்டி போடும். அதிலும் ஆணாகவே வாங்கினால் நல்லது. ஜோடியாக வாங்கினால் மூன்று மாதத்தில் அக்கம் பக்கத்துக்கெல்லாம் நீங்கள்தான் மீன் கடை. முதலில் மூன்று அல்லது நாலு; இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலு. எட்டுப் பத்தோடு நிறுத்துங்கள்.

பகலில் பிராணவாயு கொடுக்கும் செடி, விளக்கணைந்த பிறகு நம்மைப் போலவே அதைச் செலவழிக்கும். மீனும் மிகுந்து, செடியும் மிகுந்து, சித்திரை மாதத்துச் சூடும் சேர்ந்தால் விடியற்காலையில் தட்டுப்பாடு வரும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். காலையில் எழுந்து பார்க்கும் போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. ராத்திரியில் காற்றுப் பம்பைப் போட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவு வைத்திருந்த தண்ணீர் ஊற்றினால் போதும். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றுங்கள். நைட்ரேட் உள்ள தண்ணீர், நல்ல உரம். செடியோடு ஒட்டிக் கொண்டு வரும் சின்ன நத்தைகளைக் கண்டு அலற வேண்டாம். வாரிங்டன் தேடிப் போய் எடுத்து வந்ததைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்திருக்கிறார். நத்தை மிதமிஞ்சிப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வெட்டி எடுத்த செடியை மட்டும் ஏரியிலோ குளத்திலோ கால்வாயிலோ போடாதீர்கள். மேலே உபகாரி என்று புகழ்ந்தேனே வேலம்பாசி, அது 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக அமெரிக்காவில் புளோரிடாவுக்குப் போயிற்று. தொட்டியிலிருந்து கால்வாய்க்கும், அங்கிருந்து ஆறு ஏரிகளுக்கும் பரவி, படகு போக முடியாமல் அடைத்துக் கொண்டது. இன்று வரை அதை ஒழிக்கப் பணத்தைக் கொட்டிக் கொண்டிருக்கிறார்கள். நமக்கு வெங்காயத் தாமரையின் உபத்திரவம் தெரியாததா? தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததுதான் அதுவும். வெட்டியதை மொட்டை மாடியில் சருகாகக் காய வைத்து, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.

தொட்டிக்கே இடமில்லாத ஒண்டுக் குடித்தனமா? பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ ஊறுகாய் போட்ட பெரிய கண்ணாடி ஜாடியோ போதும். எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரில் அலசி, அடியில் மண், மேலே மணல், ஒரு கிரிப்டோகோரைன், ஒரு துண்டு வேலம்பாசி, இரண்டு நத்தை. வாய்க்கு வலைத் துணி. மீன் வேண்டாம், ஜாடி மீனுக்கு இடமல்ல. மீன் இல்லாத இந்த ஜாடியைத்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் பிடிக்கும் என்றால் மீன் பிரியர்கள் கோபித்துக் கொள்வார்கள்.

மாம்பலத்துச் சகோதரியின் கடைசிக் கேள்வி, தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்பது. நன்றாக வளர்ந்த செடித் தொட்டியில் நல்ல உடம்புள்ள பெரிய மீன்கள் ஒரு வாரம் தீனி இல்லாமல் இருக்கும்; இலைகளின் மேல் படிந்திருக்கும் பாசியையும் பூச்சிகளையும் கொறித்துக் கொள்ளும். விளக்குக்கு நேரப்படி தானே எரிந்து அணையும் டைமர் சுவிட்ச் போட்டுவிட்டுப் போங்கள். ஆபத்து பட்டினியால் வராது, பக்கத்து வீட்டு மாமியால் வரும். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று ஒரு கைப்பிடி தீனியைக் கொட்டிவிடுவார். அவர் மனம் நோகாமல் இருக்க, மீன்கள் இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவை நீங்களே காகிதத்தில் மடித்து, இரண்டே இரண்டு பொட்டலம், செவ்வாய் என்று ஒன்றிலும் வெள்ளி என்று ஒன்றிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவை மட்டும் மறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிக் கொண்டு போங்கள்.